கலப்புக் கணினியும் மரபுவழி விளையாட்டாளரும்: கருவி, கை, உடைமை பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு புதிய கருவி சந்தைக்கு வரும்போது அதன் வேகம், நிறை, விலை என்பன பற்றிப் பலரும் பேசுவர். அது எவருடைய தேவையை முன்னிறுத்தி ஆக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சந்தையிலுள்ள கலப்புக் கணினி இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். விசைப்பலகையைப் பொருத்தினால் மடிக்கணினியாகவும், கழற்றினால் தொடுதிரை கொண்ட டப்லெட்டாகவும் இயங்கும் கருவியையே இங்குக் கலப்புக் கணினி என்கின்றோம்.

மேசைக் கணினியில் விளையாடிப் பழகியோரை இக்கருவி கவர்ந்ததா? கவரவில்லையெனின், அதற்குக் காரணம் அவர்களது பழமைப்பற்றா, அல்லது கருவியின் அமைப்பிலேயே உள்ள முரண்பாடா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டு என்பது ஆய்வுக்கு உரியதன்று எனக் கருதுவோர் உளர். ஆயினும் மனிதர் தம் கையையும் கருவியையும் இணைத்து நுண்ணிய திறனொன்றை வளர்த்துக்கொள்ளும் எந்தச் செயலும் சமூக ஆய்வுக்குப் புறம்பானதன்று.

2

முதற்கண் 'மரபுவழி விளையாட்டாளர்' என்ற தொடரைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். மரபு என்பது தொன்றுதொட்டு மாறாது நிற்கும் ஒன்று என்னும் எண்ணம் இலக்கிய ஆய்விற் பல மயக்கங்களை விளைத்ததை நாம் அறிவோம். கணினி விளையாட்டிலும் அதே மயக்கம் நிலவுகின்றது. இடக்கை விசைப்பலகையிலும் வலக்கை சுட்டியிலும் அமர்ந்திருக்கும் நிலையையே இன்று 'மரபு' என்கின்றனர். இந்நிலை தோன்றி மூன்று தசாப்தங்களே ஆகின்றன.

1993 டிசம்பரில் 'டூம்' வெளிவந்தபோது அதனை விசைப்பலகையை மட்டுமே கொண்டு விளையாடியோர் பலர். 1996இல் வந்த 'குவேக்' முழு முப்பரிமாண உலகொன்றை அமைத்தது. மேலும் கீழும் நோக்கவேண்டிய தேவை எழவே, நோக்கைச் சுட்டிக்கும் நடையை விசைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் முறை வலுப்பெற்றது. 1997இல் நடைபெற்ற 'குவேக்' போட்டியொன்றில் டெனிஸ் பொங் வெற்றிபெற்று, அவ்விளையாட்டை ஆக்கியோருள் ஒருவரான ஜோன் கார்மக்கின் பெராரி மகிழுந்தைப் பரிசாகப் பெற்றார். அவர் கையாண்ட முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது. 1998இல் 'ஹாவ் லைவ்' வெளியானபோது டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளும் நடைக்குரிய இயல்பான அமைப்பாகவே அதில் இடம்பெற்றன. எனவே, மரபு எனப்படுவது குறிப்பிட்டதொரு காலத்திற் குறிப்பிட்ட தேவைகளால் உருவான பயிற்சியேயன்றி வேறன்று.

இப்பயிற்சிக்கு இன்னுமொரு பக்கமும் உண்டு. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பெட்டியைத் திறந்து வேறு நிறுவனத்தாரின் அட்டைகளைச் செருகத்தக்க அமைப்பைக் கொண்டிருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஒலி அட்டையும் 1996இல் முப்பரிமாண வரைவியல் அட்டையும் அவ்வழியே விளையாட்டாளரை வந்தடைந்தன. பெட்டி திறந்திருந்தது போலவே மென்பொருளும் ஓரளவு திறந்திருந்தது. 'ஹாவ் லைவ்' விளையாட்டின் கோப்புகளை மாற்றியமைத்து ஆர்வலர் இருவர் 1999இல் உருவாக்கியதே 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. அடுத்த ஆண்டே அது வணிகப் பொருளாயிற்று. நுகர்வோர் ஆக்குவோராகவும் மாறத்தக்க வெளி அங்கு இருந்தது. எனவே மரபுவழி விளையாட்டாளரை வரையறுப்பன இரண்டு: ஒன்று கையின் பயிற்சி, மற்றையது கருவியைத் திறந்து மாற்றும் உரிமை.

3

இப்பின்னணியிலேயே 2012ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 8' என்னும் பணிசெயல் முறைமையையும் 'சேர்பேஸ் ஆர்ரீ' என்னும் கலப்புக் கணினியையும் ஒருங்கே சந்தைப்படுத்தியது. அப்பிளின் ஐபாட் 2010இல் தோற்றுவித்த சந்தையிற் பங்கு பெறுதலே இதன் உடனடி நோக்கமாயிருந்தது. விளையாட்டாளரின் தேவை இத்திட்டத்தின் தொடக்கப் புள்ளியாக இருக்கவில்லை.

சேர்பேஸ் ஆர்ரீயிற் பொருத்தப்பட்டிருந்தது கைத்தொலைபேசிகளில் வழங்கும் ஆர்ம் வகைச் செயலியாகும். அதனால் முன்னைய விண்டோஸ் கணினிகளுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளுள் ஒன்றேனும் அதில் இயங்கவில்லை. நிறுவனத்தின் கடையிற் கிடைப்பனவற்றையே நிறுவ முடிந்தது. பெயர் விண்டோஸ், ஆயின் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த விளையாட்டுச் செல்வம் வாசலுக்கு வெளியே நின்றது. 2013 ஜூலையில் இக்கருவியின் விற்கப்படாத இருப்புத் தொடர்பாக 90 கோடி டொலரை இழப்பாக நிறுவனம் தன் கணக்கிற் காட்ட நேர்ந்தது.

'ஸ்டீம்' என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2012 ஜூலையிலேயே விண்டோஸ் 8 தனியாள் கணினித் துறைக்குப் பேரிடர் என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். அவரது கூற்றில் வணிக நலனும் கலந்திருந்தது என்பது வெளிப்படை. பணிசெயல் முறைமையின் உரிமையாளரே கடையையும் நடத்துவாராயின் ஏனைய கடைக்காரருக்கு இடமிராது. ஆயினும் ஒரு வணிகரின் அச்சமும் விளையாட்டாளரின் அச்சமும் இவ்விடத்து ஒரே திசையைச் சுட்டின. திறந்த கருவி மூடிய கருவியாக மாறிவிடுமோ என்பதே அது.

2013 பெப்ரவரியில் வந்த 'சேர்பேஸ் புறோ' இக்குறையை ஒருவாறு நீக்கியது. இன்டெல் செயலி கொண்ட அதிற் பழைய விளையாட்டுகளும் இயங்கின. அதன் விலை 899 டொலரிலிருந்து தொடங்கியது. விசைப்பலகை உறைக்கு வேறாகப் பணம் செலுத்தல் வேண்டும். மென்பொருட்டடை நீங்கிய இந்நிலையிலும் மரபுவழி விளையாட்டாளர் மேசையை விட்டு இதனிடம் வந்தாரல்லர். அதன் காரணங்களைக் கை, வெப்பம், உடைமை என மூவகைப்படுத்தி நோக்கலாம்.

4

சுட்டியும் விரலும் ஒரே பணியைச் செய்வன போலத் தோன்றினும் அவை தரும் செய்தி அடிப்படையில் வேறானது. விரல் திரையைத் தொடும்போது 'இவ்விடம்' என்று கூறுகின்றது. சுட்டியோ இடத்தைக் கூறுவதில்லை. 'இவ்வளவு நகர்ந்தேன்' என்றே கூறும். பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காணும் சுடுதல் விளையாட்டுகளுக்கு இவ்விரண்டாவது செய்தியே வேண்டும். சுட்டியைத் தூக்கி மீண்டும் வைத்து எல்லையின்றிச் சுழல முடியும். விரலோ திரையின் விளிம்பில் நின்றுவிடும். கலப்புக் கணினியின் தொடுதலையும் பேனாவையும் இத்தகைய பழைய விளையாட்டுகளிற் பயன்படுத்த முயன்றால், பார்வை கட்டின்றிச் சுழல்வது பொதுவான அனுபவம். 'இவ்விடம்' என்ற செய்தியை 'இவ்வளவு' என்று விளையாட்டு விளங்கிக்கொள்வதே அதற்குக் காரணம்.

இரண்டாவது வேறுபாடு நுண்மை பற்றியது. இலக்கு ஒன்றை அடைய எடுக்கும் நேரம், அதன் தொலைவுக்கும் அகலத்துக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்தது என்பதை உளவியலாளர் போல் பிற்ஸ் 1954இல் எடுத்துக்காட்டினார். தொடுதிரையில் ஓர் இலக்கு குறைந்தது 7 மில்லிமீற்றர் அகலமேனும் கொண்டிருத்தல் வேண்டும் என்பது விண்டோஸ் வடிவமைப்போருக்குத் தரப்பட்ட வழிகாட்டலாகும். சேர்பேஸ் புறோவின் 10.6 அங்குலத் திரையிற் குறுக்காக 1920 புள்ளிகள் உள்ளன. அதன்படி 7 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 57 புள்ளிகளாகும். சுட்டியோ ஒரு புள்ளியைத் தனித்துக் காட்டவல்லது. மேலும், விரல் தான் தொடும் இடத்தையே மறைக்கின்றது. தொடாமல் மேலே நின்று விவரம் கேட்கும் வசதி பொதுவாக அதற்கில்லை. போர்த்தந்திர விளையாட்டுகளின் சிறுசிறு பொத்தான்கள் யாவும் அவ்வசதியை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை.

இதனால் தொடுதல் தாழ்ந்ததென்றோ சுட்டி உயர்ந்ததென்றோ முடிவு கட்டலாகாது. ஆட்டத்தின் தன்மையே இதனைத் தீர்மானிக்கின்றது. முறை வைத்து ஆடும் 'சிவிலைசேஷன் 5' என்னும் விளையாட்டுக்கு 2012இல் விண்டோஸ் 8 தொடுதிரைக்கென ஒரு வடிவம் தரப்பட்டது. நாகரிகமொன்றைக் கட்டியெழுப்பும் அவ்வாட்டத்தில் ஒரு முடிவுக்கு ஐந்து நிமிடம் எடுத்தாலும் கேட்பாரில்லை. 2014 மார்ச்சிற் கணினியில் வெளியான சீட்டு விளையாட்டான 'ஹார்த்ஸ்டோன்' அடுத்த மாதமே ஐபாடுக்கும் வந்தது. இவற்றை ஆடுவோருக்குக் கலப்புக் கணினி இடையூறாக இருக்கவில்லை. சிலருக்கு உவப்பாகவும் இருந்தது. நேரம் நெருக்கும் ஆட்டங்களிலேயே விரல் தோற்றது.

5

அடுத்தது வெப்பம். செயலி செலவிடும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தை அகற்றும் திறனே வேகத்தின் எல்லையைத் தீர்மானிக்கின்றது. மேசைக் கணினியின் பெரிய பெட்டி, உலோகத் தகடுகள், காற்றாடிகள் ஆகியன வீண் பருமனல்ல. அவை அவ்வேகத்தின் நிபந்தனைகள்.

சேர்பேஸ் புறோவின் செயலி, வரைவியற் பகுதியும் உட்பட, 17 வாற்று என்னும் வரம்புக்கு அமைக்கப்பட்டது. 2012இல் மேசைக் கணினிகளுக்கென வந்த என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ். 680 அட்டை தனித்து 195 வாற்று வரை செலவிட்டது. சேர்பேஸ் புறோவின் மின்கலம் 42 வாற்று மணி கொள்ளளவுடையது. அத்தகைய அட்டையை அம்மின்கலத்தால் இயக்க முடியுமாயின் பதின்மூன்று நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். கையிற் பிடிக்கும் கருவிக்கும் மேசைக் கருவிக்கும் இடையே நிற்பது பொறியியலாளரின் சோம்பலன்று, பௌதிக விதியே. 2017இல் வந்த 15 அங்குல 'சேர்பேஸ் புக் 2' வலிய வரைவியற் செயலியை விசைப்பலகைப் பகுதியில் வைத்து இதனைத் தீர்க்க முயன்றது. கடும் விளையாட்டின்போது மின்னேற்றியோடு இணைந்திருக்கையிலும் அதன் மின்கலம் இறங்கக்கூடும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இம்முரண்பாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது ரேசர் நிறுவனத்தின் 'எட்ஜ்' ஆகும். இந்நிறுவனம் விளையாட்டாளருக்கான சுட்டிகளாலேயே பெயர் பெற்றது. விளையாட்டாளரின் கையை நன்கறிந்தது. 2013இல் அது விளையாட்டுக்கென்றே ஆக்கப்பட்ட டப்லெட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 10.1 அங்குலத் திரை, தனி வரைவியற் செயலி, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறை. தொடக்க விலை 999 டொலர். இரு பக்கமும் பிடி வைத்த கட்டுப்படுத்திக்கு மேலும் 249 டொலர். கடும் விளையாட்டில் மின்கலம் ஓரிரு மணிநேரமே நின்றது. தொடுதிரையை மட்டும் நம்பி விளையாட்டாளர் ஆடார் என்பதை நிறுவனம் உணர்ந்திருந்தமைக்கு அப்பிடிகளே சான்று. ஆயின் பிடிகளைப் பொருத்தியதும் நிறை மேலும் கூடியது. கருவி கைக்கும் மேசைக்கும் இடையே அந்தரத்தில் நின்றது. நேரடித் தொடர்ச்சியான அடுத்த விண்டோஸ் வடிவம் அதற்கு வரவில்லை. 2023இல் அதே பெயரில் வந்தது அண்ட்ரொயிட்டில் இயங்கும் வேறொரு கைக்கருவியாகும்.

6

மூன்றாவது உடைமை பற்றியது. இதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக முதன்மையானதுமாகும்.

மேசைக் கணினியை உடையவர் அதனை ஒரே தவணையில் வாங்கவேண்டியதில்லை. இவ்வாண்டு வரைவியல் அட்டை, அடுத்த ஆண்டு நினைவகம், பழுதானால் அப்பகுதி மட்டும் என அது துண்டுதுண்டாக வளரும். நண்பர் கழித்த அட்டை இன்னொருவருக்குப் புதுவாழ்வு தரும். வசதி குறைந்த மாணவரும் தொழிலாளரும் உயர் நுட்பத்தோடு உறவு கொள்வதற்கு இவ்வமைப்பே வழிவிட்டது. கலப்புக் கணினியில் இவ்வழி அடைபட்டது. பழுதுபார்க்கும் எளிமையை அளவிடும் ஐபிக்சிற், சேர்பேஸ் புறோவுக்குப் பத்தில் ஒரு புள்ளியே வழங்கியது. திரை பசையால் ஒட்டப்பட்டிருந்தது. திறக்க முயல்வதே உடைக்கும் அபாயத்தை உடையது. மெலிவின் பொருட்டு இவ்வாறு செய்யப்பட்டது என்பர். ஓரளவு உண்மையே. ஆயினும் மெலிவின் பயன் வாங்கிய அன்றே தெரியும். மூடியதன் செலவு மூன்றாம் ஆண்டிற் பழுதின்போதே தெரியும். அச்செலவு எவர் தலையில் விழுகின்றது என்பதைக் கூறவேண்டியதில்லை.

இங்குக் கலப்புக் கணினியின் உள்முரண்பாடு துலக்கமாகின்றது. 'எல்லாவற்றுக்கும் ஒரே கருவி' என்பதே அதன் வாக்குறுதி. படிப்பு, எழுத்து, விளையாட்டு ஆகிய யாவற்றையும் ஒன்றிலேயே முடிக்கவேண்டிய நிலையிலுள்ளவருக்கே அவ்வாக்குறுதி மெய்யான பொருளுடையது. ஒரு கருவிக்கு மேல் வாங்க இயலாதவர் அவர். ஆயின் அவரால் அதன் விலையைக் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவரிடமோ மேசைக் கணினியும் டப்லெட்டும் முன்னரே வெவ்வேறாக உள்ளன. தேவையுள்ளவரிடம் பணமில்லை, பணமுள்ளவரிடம் தேவையில்லை. விளையாட்டாளரின் 'பழமைப்பற்று' எனப் பேசப்படுவதன் பெரும்பகுதி இம்முரண்பாட்டின் நிழலே.

உடைமை என்பதைத் தனியுடைமையாக மட்டும் கொள்ளலாகாது என்பதற்குத் தென்கொரியா சான்று. 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை அடுத்து அங்கு 'பீசீ பாங்' எனப்படும் கணினிக் கூடங்கள் பெருகின. 1998இல் வெளியான 'ஸ்டார்கிராவ்ட்' என்னும் போர்த்தந்திர விளையாட்டு அக்கூடங்களிலேயே மக்கள் விளையாட்டாயிற்று. அங்கு ஆடிய இளைஞர்க்குக் கருவி சொந்தமன்று. மணிக்கணக்கில் வாடகை செலுத்தினர். சொந்தமாயிருந்தது கையின் திறன் ஒன்றே. எந்த மேசையில் அமர்ந்தாலும் விசைப்பலகையும் சுட்டியும் ஒன்றாகவே இருந்தமையால் அத்திறன் அவரோடு இடம்பெயர்ந்தது. பொதுவான கருவியமைப்பு ஏழைக்கும் உரிய மூலதனமாக விளங்கியமை மனங்கொளத்தக்கது. கலப்புக் கணினி கருவியை இடம்பெயரச் செய்தது. இவரோ கருவியின்றியே திறனை இடம்பெயரச் செய்தவர்.

7

அவ்வாறாயின், எங்கும் எடுத்துச் செல்லும் கருவியை விளையாட்டாளர் விரும்பவில்லையா? அடுத்து நிகழ்ந்தவை அதற்கு மாறான விடையையே தருகின்றன. 2017 மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட 'சுவிட்ச்' கையிலும் தொலைக்காட்சியிலும் இயங்கும் இருநிலைக் கருவியாகும். அது 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2022 பெப்ரவரியில் வால்வ் வெளியிட்ட 'ஸ்டீம் டெக்' கணினி விளையாட்டுகளையே கைக்குக் கொணர்ந்தது. 7 அங்குலத் திரை, 1280க்கு 800 புள்ளிகள், 15 வாற்று வரையான செயலி. வெளியான காலத்துத் தொடக்க விலை 399 டொலர்.

இதன் வெற்றிக்குக் காரணம் விந்தையானதன்று. திரையிற் புள்ளிகள் குறைவாகையால் சிறிய செயலியே போதுமாயிற்று. வெப்பத்தின் எல்லையை மறைக்காது ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப அமைத்தனர். பிடிகள் பின்னர் ஒட்டப்பட்டனவல்ல. உடலின் பகுதியாகவே இருந்தன. சுட்டியின் 'இவ்வளவு' என்ற செய்தியைத் தரவல்ல இரு தொடுதட்டுகளும் அமைக்கப்பட்டன. லினக்ஸ் அடிப்படையிலான பணிசெயல் முறைமையைப் பயனர் மாற்றவும் முடியும். மாற்றுப் பகுதிகள் ஐபிக்சிற் வழியே விற்கப்பட்டன. விசைப்பலகையும் மேசையும் இல்லாதிருந்தும் மரபுவழி விளையாட்டாளர் பலர் இதனைத் தமதெனக் கொண்டனர். இதனின்றும் பெறப்படுவது யாது? அவர்கள் பற்றியிருந்தது மேசையையன்று. கைத்திறனுக்கு மதிப்பும், கருவியைத் திறக்கும் உரிமையும், பல்லாண்டு சேர்த்த விளையாட்டுகளை இழவாமையுமே.

கலப்புக் கணினியும் நின்றுவிடவில்லை. ஏசுஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 13.4 அங்குல 'புளோ இசற் 13', விசைப்பலகை நீங்கலாக ஏறத்தாழ 1.2 கிலோகிராம் நிறையுடையது. 2025இல் வந்த அதன் வடிவத்தில், முன்னர் தனி அட்டைகளுக்கே உரியதாயிருந்த வரைவியல் வலிமையின் ஒரு பகுதி செயலியோடே ஒன்றிணைந்தது. பொறியியலளவில் இது மெய்யான முன்னேற்றமே. வெப்பத் தடை முன்னிலும் தளர்ந்துள்ளது. ஆயின் அதன் விலை 2000 டொலரைக் கடந்தது. நினைவகம் தாய்ப்பலகையிற் பற்றவைக்கப்பட்டது. வெப்பத்தின் கணக்கு மாறியுள்ளது. உடைமையின் கணக்கு மாறவில்லை. கடும் ஆட்டத்துக்கு இதனை வாங்குவோரும் பெரும்பாலும் மேசையில் நிறுத்திச் சுட்டியை இணைத்தே ஆடவேண்டியுள்ளது என்பது கையின் கணக்கும் மாறாமையைக் காட்டும்.

8

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கலப்புக் கணினி மரபுவழி விளையாட்டாளரைக் கவருமா என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை என்பது புலனாகும். முறை வைத்து ஆடும் தந்திர விளையாட்டுகள், சீட்டு விளையாட்டுகள், கதை விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இரண்டாவது கருவியாக அது ஏற்கப்பட்டது. விரைவும் நுண்மையும் வேண்டும் ஆட்டங்களுக்கு மேசைக் கணினியின் இடத்தை அது பெறவில்லை. இவ்வேற்பும் மறுப்பும் சுவை பற்றியன அல்ல. கை, வெப்பம், உடைமை என்னும் பொருண்மை நிலைகளிலிருந்து எழுந்தவை.

மரபைப் பேணுவது என்ற பெயரில் மேசையையும் பெரிய பெட்டியையும் போற்றுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. அவை ஒரு காலத்தின் தேவையால் வந்தன. இன்னொரு காலத்திற் போகலாம். ஆயின் வளர்ச்சி என்ற பெயரிற் பசையிட்டு மூடிய கருவியை ஏற்கவேண்டும் என்போருடனும் உடன்பட இயலாது. அம்மரபினுள் பேணத்தக்க கூறொன்று உண்டு. கருவியைப் பயன்படுத்துவோர் அதனைத் திறந்து பார்த்தனர், பழுதுபார்த்தனர், சில வேளைகளிற் புதியதொன்றை ஆக்கியும் காட்டினர். ஒரு கருவியிற் படிப்பையும் விளையாட்டையும் ஒருங்கே முடிக்கவேண்டிய மாணவர், அக்கருவி பழுதாகும்போது தாமே அதனைத் திறக்க முடியுமா என்பதுதான் எஞ்சிநிற்கும் வினா. மேசையிலோ மடியிலோ கையிலோ அது இருப்பது இரண்டாம்பட்சமே.